மெக்கார்டில் வழக்கு: வாதம் முடிந்தபின் பறிபோன அதிகாரம்

1868 மார்ச் 9ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் வாதங்கள் முடிந்தன. நான்கு நாள் வாதம், இரண்டு பக்கமும் நாடறிந்த வழக்கறிஞர்கள். தீர்ப்பு எழுத வேண்டியதுதான் பாக்கி. மூன்று நாள் கழித்து, அந்த வழக்கைக் கேட்கும் அதிகாரத்தையே உச்ச நீதிமன்றத்திடமிருந்து எடுத்துவிடும் மசோதா காங்கிரஸில் நிறைவேறியது. (இங்கே காங்கிரஸ் என்றால் அமெரிக்க நாடாளுமன்றம்.) அடுத்த ஆண்டு ஏப்ரலில், எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

'எக்ஸ் பார்ட்டி மெக்கார்டில்' என்ற இந்த வழக்கு, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் அதிகார வரம்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் யாரும் தாண்டிப் போக முடியாத ஒன்று. நீதிமன்றத்தின் அதிகாரத்தை நாடாளுமன்றம் எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்ற சர்ச்சை எழும்போதெல்லாம் ஒரு தரப்பு இதைத் தூக்கிக்கொண்டு வரும். தீர்ப்பு சொன்னது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்பது என் கருத்து. கடைசிப் பத்தியைப் படிக்காமல் விடுகிறவர்களுக்குத்தான் அது பெரிதாகத் தெரியும். நீதிமன்றத்தைக் குறை சொல்ல வேண்டுமென்றால், 1868 மார்ச்சில் அது கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்ததே, அதைச் சொல்லலாம்.

ராணுவ ஆட்சியில் மிசிசிப்பி

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. தோற்ற தென் மாநிலங்களில் பழைய ஆட்களே மறுபடி ஆட்சிக்கு வந்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வேறு பெயரில் அடிமைகளாகவே வைத்திருக்கும் சட்டங்களைப் போட ஆரம்பித்தார்கள். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காங்கிரஸில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியினர் எடுத்துக்கொண்டார்கள். 1867 மார்ச் 2ஆம் தேதி, ஜான்சனின் மறுப்பை மீறி முதல் மறுசீரமைப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். டென்னஸி தவிர மற்ற பத்துத் தென் மாநிலங்களும் ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தளபதி. அவர் நினைத்தால் சாதாரணக் குடிமகனையும் ராணுவ விசாரணை ஆணையத்தின் முன் நிறுத்தலாம். மிசிசிப்பியும் ஆர்க்கன்ஸாவும் நான்காவது மாவட்டம், தளபதி எட்வர்ட் ஆர்ட்.

கறுப்பின ஆண்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநாடு புதிய மாநில அரசியல் சாசனத்தை எழுத வேண்டும், அதன் பிறகுதான் அந்த மாநிலத்துக்கு ராணுவத்திடமிருந்து விடுதலை. இதுதான் திட்டம். அதே மாதம் 23ஆம் தேதி வந்த துணைச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: பதிவு செய்த வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்தால்தான் மாநாடு நடக்கும். எதிர்த்து வாக்களிப்பதைவிட வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது அதிகப் பலன் தரும் என்பதைத் தெற்கின் வெள்ளையர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

வில்லியம் மெக்கார்டில் கதைக்குள் வருவது இந்த இடத்தில். விக்ஸ்பர்க் நகரில் 'விக்ஸ்பர்க் டைம்ஸ்' என்ற பத்திரிகையின் ஆசிரியர். 1863இல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு ஜெனரல் கிராண்டிடம் வீழ்ந்த ஊர் அது, வடக்கின் ராணுவ உடையைக் கண்டாலே எரியும். மெக்கார்டிலின் பேனா அந்த எரிச்சலை நன்றாகவே ஊதியது. மாவட்டத் தளபதிகளை அயோக்கியர்கள், கோழைகள் என்று எழுதினார். அவர்கள் தலையை மழித்து, காதை அறுத்து, நெற்றியில் சூடு போட்டுச் சிறையில் தள்ள வேண்டும் என்றார். வெள்ளையர்கள் வாக்களிக்கப் போகக்கூடாது என்றார். மீறிப் போன வெள்ளையர்களின் பெயரைக் கொண்டுவந்து கொடுத்தால் பெயருக்கு ஒரு டாலர் தருவதாகவும் எழுதினார். அந்தப் பெயர்களை என்ன செய்வார் என்பதை ஊர் புரிந்துகொண்டிருக்கும்.

1867 நவம்பரில் ராணுவம் அவரைக் கைது செய்தது. பொது அமைதியைக் குலைத்தது, கலகத்துக்கும் வன்முறைக்கும் தூண்டியது, அவதூறு, மறுசீரமைப்பைத் தடுத்தது என நான்கு குற்றச்சாட்டுகள். எல்லாமே எழுத்துக்காக. விசாரிக்கப் போவது ராணுவ அதிகாரிகள்.

இந்த வழக்கைப் படிக்கும்போது ஒரு சங்கடம் கூடவே வரும். பத்திரிகையில் எழுதியதற்காக ஒரு குடிமகனை ராணுவம் பிடித்துப்போய் ஜூரி இல்லாமல் விசாரிப்பது தவறு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மனிதரின் எழுத்து எதற்காக உழைத்தது என்று பார்த்தால், விடுதலை பெற்று இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன மக்களிடமிருந்து வாக்குரிமையைப் பறிக்கத்தான். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கதை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

ஆட்கொணர்வு மனு

மெக்கார்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அவர் கையில் எடுத்த சட்டத்துக்குத் தனிக் கதை உண்டு. அதுவரை கூட்டாட்சி நீதிமன்றங்களின் ஆட்கொணர்வு அதிகாரம் 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவிலிருந்து வந்தது. அது பெரும்பாலும் கூட்டாட்சி அரசின் காவலில் இருப்பவர்களுக்கு மட்டுமே உதவும். தென் மாநில அதிகாரிகள் கறுப்பின மக்களையும், போரில் வடக்குக்குத் துணை நின்றவர்களையும் பிடித்து உள்ளே போட்டால் அந்தப் பிரிவால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காகத்தான் 1867 பிப்ரவரி 5ஆம் தேதி காங்கிரஸ் புதிய சட்டம் கொண்டுவந்தது. அரசியல் சாசனத்துக்கோ கூட்டாட்சிச் சட்டத்துக்கோ முரணாக அடைக்கப்பட்ட எவரும் கூட்டாட்சி நீதிபதியை அணுகலாம், சுற்று நீதிமன்றத்தில் (உச்ச நீதிமன்றத்துக்குக் கீழே இருந்த கூட்டாட்சி நீதிமன்றம்) தோற்றால் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடும் செய்யலாம் என்றது அது. விடுதலை பெற்றவர்களைக் காப்பாற்றச் செய்த ஆயுதத்தை முதலில் கையில் எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனவர், அவர்களுடைய வாக்குரிமைக்கு எதிரான ஒரு பத்திரிகை ஆசிரியர். காங்கிரஸ் எதிர்பார்க்காத திருப்பம் இது.

மிசிசிப்பியில் மனுவைக் கேட்டவர் நீதிபதி ராபர்ட் ஹில். மறுசீரமைப்புச் சட்டங்கள் செல்லும் என்று சொல்லி, நவம்பர் 25ஆம் தேதி மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீடு முடியும்வரை மெக்கார்டிலை ஜாமீனில் விட்டார்கள். அவர் நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குத் திரும்பினார்.

வாஷிங்டனில் ஏன் பதற்றம்

அதற்கு முந்தைய ஆண்டுதான் உச்ச நீதிமன்றம் மில்லிகன் வழக்கில் தீர்ப்பு சொல்லியிருந்தது. போர்க்காலத்தில் இண்டியானா மாநிலத்தில் லாம்டின் மில்லிகன் என்ற குடிமகனை ராணுவ ஆணையம் விசாரித்து மரண தண்டனை விதித்தது. சாதாரண நீதிமன்றங்கள் திறந்து இயங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் குடிமகனை ராணுவம் விசாரிக்கக் கூடாது என்று 1866இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மிசிசிப்பியிலும் கூட்டாட்சி நீதிமன்றம் திறந்துதான் இருந்தது. ஹில் உட்கார்ந்து மனுவைத் தள்ளியதே அதற்குச் சாட்சி. மில்லிகன் தீர்ப்பை அப்படியே இங்கே வைத்தால் ராணுவ ஆணையங்கள் போய்விடும். அவை போனால் தளபதிகளின் ஆட்சியே ஆட்டம் காணும்.

இதற்கு முன் மிசிசிப்பியும் ஜார்ஜியாவும் நேரடியாகவே உச்ச நீதிமன்றத்துக்குப் போய், மறுசீரமைப்புச் சட்டங்களை நிறைவேற்றத் தடை கேட்டிருந்தன. இரண்டையும் நீதிமன்றம் கேட்க மறுத்தது. அதிபரைத் தடுக்க முடியாது என்றது ஒன்றில், இது அரசியல் கேள்வி என்றது மற்றொன்றில். மெக்கார்டில் வழக்கில் அப்படி நழுவ வழியில்லை. இங்கே கண்முன் ஒரு ஆள் இருந்தார், அவரை அடைத்த உத்தரவு இருந்தது, மேல்முறையீட்டுக்குச் சட்டமும் இருந்தது.

காங்கிரஸ் பயந்ததற்கு இன்னொரு அடையாளம் 1868 ஜனவரியில் தெரிந்தது. உச்ச நீதிமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீதிபதிகள் ஒத்துக்கொண்டால்தான் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என்ற மசோதாவைக் கீழவை நிறைவேற்றியது. அப்போது நீதிபதிகள் எட்டுப் பேர், ஆக ஆறு பேர் வேண்டும். மேலவையான செனட் அதைக் கையில் எடுக்கவில்லை.

அரசுத் தரப்பில் வேறொரு சிக்கல். தலைமை வழக்கறிஞர் ஹென்றி ஸ்டான்பெரி அதிபரின் ஆள். மறுசீரமைப்புச் சட்டங்களுக்காக வாதாட அவர் தயாராக இல்லை. அதனால் ராணுவத் தரப்பு வெளியிலிருந்து வழக்கறிஞர்களைப் பிடித்தது. ஒருவர் விஸ்கான்சினைச் சேர்ந்த மேத்யூ கார்ப்பென்டர். இன்னொருவர் லைமன் டிரம்புல், அந்த நேரத்தில் செனட்டின் நீதிக் குழுத் தலைவர்! செனட்டில் நீதிமன்றங்களைப் பற்றிய மசோதாக்களைக் கையாளும் மனிதர் அதே நீதிமன்றத்தில் வழக்கின் ஒரு தரப்புக்காக நிற்கிறார். அந்தக் காலத்தில் இதெல்லாம் அனுமதிக்கப்பட்டது. மெக்கார்டில் பக்கமும் அப்படித்தான். அவருக்காக வந்தவர்களில் டேவிட் டட்லி ஃபீல்டு ஒருவர். அவருடைய தம்பி ஸ்டீபன் ஃபீல்டு மேலே நீதிபதியாக உட்கார்ந்திருந்தார்.

டிரம்புலின் முதல் அடி வரம்பைப் பற்றியது: 1867 சட்டம் மாநிலக் காவலில் இருப்பவர்களுக்காக வந்தது, ராணுவக் காவலுக்குப் பொருந்தாது, எனவே மேல்முறையீட்டைத் தள்ளுங்கள் என்றார். 1868 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. தலைமை நீதிபதி சால்மன் சேஸ் எழுதினார். அரசியல் சாசனத்துக்கு முரணாகச் சுதந்திரம் பறிபோகும் எல்லா நிலைகளையும் இந்தச் சட்டம் உள்ளே கொண்டுவருகிறது, இந்த வரம்பை இதற்கு மேல் விரிக்க முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம்.

மார்ச் மாதம்

இனி நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தால்தான் விளங்கும்.

பிப்ரவரி 24ஆம் தேதி கீழவை அதிபர் ஜான்சன் மீது பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. மார்ச் 2, 3, 4, 9 தேதிகளில் மெக்கார்டில் வழக்கின் வாதம். நடுவில் மார்ச் 5ஆம் தேதி செனட்டில் அதிபர் மீதான விசாரணை தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் அதே சேஸ், அரசியல் சாசனப்படி அது தலைமை நீதிபதியின் வேலை. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் நிற்கும் ஆசையும் அவருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 12ஆம் தேதி கீழவையில் வருவாய் வழக்குகளின் மேல்முறையீடு பற்றிய ஒரு சாதாரண மசோதா வந்தது. யாரும் கவனிக்கும் ரகம் இல்லை. அயோவா உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் எழுந்து அதில் ஒரு திருத்தத்தைச் செருகினார். 1867 பிப்ரவரிச் சட்டத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய வழிசெய்த பகுதி நீக்கப்படுகிறது, ஏற்கெனவே வந்துவிட்ட மேல்முறையீடுகளுக்கும் இது பொருந்தும், அவ்வளவுதான். விவாதமே இல்லாமல் அது நிறைவேறியது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியினர் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டு கூச்சல் போட்டபோது காரியம் முடிந்திருந்தது. குடியரசுக் கட்சி உறுப்பினர் ராபர்ட் ஷெங்க் ஒளிக்கவே இல்லை. அந்த நீதிமன்றத்தின் சிறகுகளை வெட்டுவது என் கடமை என்று பின்னர் அவையிலேயே சொன்னார்.

ஜான்சன் தனக்கிருந்த அவகாசத்தைக் கடைசி நாள்வரை இழுத்து, 25ஆம் தேதி மறுத்துத் திருப்பி அனுப்பினார். பதவி போகுமா என்ற விசாரணை நடக்கும்போதும் துணிந்து மறுத்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 26ஆம் தேதி செனட்டும் 27ஆம் தேதி கீழவையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அந்த மறுப்பை முறியடித்தன. சட்டம் அமலுக்கு வந்தது.

ஆக, மார்ச் 9 முதல் 27 வரை பதினெட்டு நாள் இருந்தது. அந்த நாள்களில் உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் முழுமையாக இருந்தது. வாதம் முடிந்த வழக்கு, நீதிபதிகள் கூடியும் பேசினார்கள். பெரும்பான்மை நீதிபதிகள் பொறுத்திருந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். காங்கிரஸில் மசோதா ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரமாகத் தீர்ப்பு சொல்வது முறையாக இருக்காது என்பது அவர்கள் தரப்பு நியாயம்.

மூத்த நீதிபதி ராபர்ட் கிரியருக்கு இது பொறுக்கவில்லை. மார்ச் 30ஆம் தேதி ஒரு எதிர்ப்புக் குறிப்பு எழுதினார். மாதத் தொடக்கத்திலேயே முழுதாக வாதிடப்பட்ட வழக்கு இது, மனுதாரர் ஒருவருடைய சுதந்திரம் மட்டுமல்லாமல் லட்சக்கணக்கான குடிமக்களின் சுதந்திரமும் இதில் அடங்கியிருக்கிறது, நாடும் வழக்கின் தரப்பினரும் உடனடித் தீர்ப்பை எதிர்பார்க்க உரிமை உள்ளவர்கள் என்றார். தள்ளிப்போட்டதன் மூலம், வேறொருவர் குறுக்கே வந்து தங்கள் கடமையிலிருந்து தங்களை விடுவிக்கட்டும் என்று காத்திருந்ததாகப் பேச்சு வரும் என்று எழுதி, அந்த அவமானத்தைச் சொல்ல லத்தீன் கவிஞர் ஓவிடின் வரிகளையும் போட்டார். சக நீதிபதிகளில் ஸ்டீபன் ஃபீல்டு மட்டும் அவரோடு சேர்ந்துகொண்டார். (அண்ணன் வழக்கறிஞராக இருந்த வழக்கு என்பதை மறந்துவிட வேண்டாம்.) நீதிமன்றம் மற்றபடி அசையவில்லை. புதிய சட்டத்தின் விளைவு பற்றிய வாதத்தை அடுத்த அமர்வுக்குத் தள்ளி வைத்தது.

கிரியர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், அன்றைய நிலையில் தீர்ப்பு சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். அதிபரையே தூக்கி எறியத் தயாராக இருந்த காங்கிரஸ், எட்டு நீதிபதிகளைச் சும்மா விட்டிருக்குமா? அதைவிட, ராணுவம் விலகிய மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர்களின் கதி என்ன? காத்திருந்ததை நான் கோழைத்தனம் என்று சொல்வேன், ஆனால் காரணமில்லாத கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

மே மாதம் செனட்டில் 35க்கு 19 என்ற வாக்கில், தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைந்து ஜான்சன் தப்பினார். அவரைக் காப்பாற்றிய ஏழு குடியரசுக் கட்சியினரில் டிரம்புலும் ஒருவர். அந்தக் கோடையில் ஏழு தென் மாநிலங்கள் மீண்டும் காங்கிரஸில் இடம் பெற்றன. பிறகு கிராண்ட் அதிபரானார். உச்ச நீதிமன்றம் மறுபடி மெக்கார்டில் கோப்பைத் திறந்த 1869 மார்ச்சில், முந்தைய ஆண்டின் சூடு பாதிக்கு மேல் அடங்கியிருந்தது.

தீர்ப்பு

இப்போது கேள்வி ஒன்றுதான்: 1868 மார்ச் 27ஆம் தேதிச் சட்டம் இந்த மேல்முறையீட்டைக் கொன்றுவிட்டதா?

மெக்கார்டிலுக்காக வாதிட்டவர் வில்லியம் ஷார்க்கி, மிசிசிப்பியின் முன்னாள் தலைமை நீதிபதி. உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அதிகாரம் அரசியல் சாசனத்திலிருந்து வருவது, காங்கிரஸ் கொடுத்த பிச்சை இல்லை என்றார். வாதம் முடிந்து தீர்ப்புக்குக் காத்திருந்த ஒரு வழக்கைக் குறிவைத்துச் சட்டம் போடுவது, காங்கிரஸே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவதற்குச் சமம் என்றார்.

1869 ஏப்ரல் 12ஆம் தேதி சேஸ் தீர்ப்பை வாசித்தார். ஒருமனதான தீர்ப்பு, சில பக்கங்கள்தான். சாசனத்தின் மூன்றாவது பிரிவு, உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு அதிகாரத்தை 'காங்கிரஸ் விதிக்கும் விலக்குகளுக்கும் ஒழுங்குமுறைகளுக்கும் உட்பட்டு' கொடுக்கிறது. ஷார்க்கி சொன்னபடி அதிகாரம் சாசனத்திலிருந்து வருவதுதான், அதை சேஸ் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த விலக்குகளோடு சேர்ந்தேதான் வருகிறது. 1789 சட்டம் சில வகை வழக்குகளை மட்டும் குறிப்பிட்டுக் கொடுத்தபோது மற்றவை மறைமுகமாக விலக்கப்பட்டன என்று 1810இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொல்லியிருந்தார். இங்கே மறைமுகம் எல்லாம் தேவையே இல்லை, வெளிப்படையான விலக்குக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தைக் கற்பனை செய்வதே கடினம் என்றார் சேஸ்.

சட்டமன்றத்தின் உள்நோக்கத்தை ஆராய எங்களுக்கு உரிமை இல்லை என்பது அடுத்த வாக்கியம். ஷெங்க் வெளிப்படையாகப் பேசிய பேச்சை ஊரே அறியும், நீதிமன்றம் மட்டும் காதை மூடிக்கொண்டது. அதற்குப் பின் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் வரிகள் வருகின்றன: அதிகார வரம்பு இல்லாமல் நீதிமன்றம் எந்த வழக்கிலும் ஒரு அடி நகர முடியாது. வரம்பு என்பது சட்டத்தை அறிவிக்கும் அதிகாரம். அது இல்லாமல் போனால், அந்த உண்மையைச் சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்வது ஒன்றே நீதிமன்றத்துக்கு மிச்சமிருக்கும் வேலை.

நிலுவையில் உள்ள வழக்கு என்பதற்கும் பதில் இருந்தது. ஒரு சட்டம் நீக்கப்பட்டால், ஏற்கெனவே முடிந்துபோன நடவடிக்கைகள் தவிர, அது இருந்ததே இல்லை என்றுதான் கருத வேண்டும். இது பழைய விதி, சேஸ் புதிதாகச் செய்ததில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தத் தீர்ப்பைக் காங்கிரஸின் வெற்றிப் பத்திரம் என்று சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் கடைசியில் ஒரு சிறு பத்தி இருக்கிறது. 1868 சட்டத்தால் ஆட்கொணர்வு வழக்குகளில் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அதிகாரம் முழுவதும் போய்விட்டது என்று வழக்கறிஞர் நினைப்பதாகத் தெரிகிறது, அது தவறு என்கிறார் சேஸ். அந்தச் சட்டம் நீக்கியது 1867 சட்டத்தின்படி சுற்று நீதிமன்றங்களிலிருந்து வரும் மேல்முறையீட்டை மட்டுமே. அதற்கு முன்பு இருந்த அதிகாரத்தை அது தொடவில்லை.

அதாவது, 1789 சட்டத்தின் 14ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. மேல்முறையீடாக வராமல், நேராக உச்ச நீதிமன்றத்திடமே ஆட்கொணர்வு மனு போட்டு, கீழ் நீதிமன்ற ஆவணங்களை வரவழைக்கச் சொல்லிக் கேட்கலாம். முன் வாசலைக் காங்கிரஸ் பூட்டியிருக்கிறது, பக்கவாட்டு வாசல் திறந்திருக்கிறது, வேண்டுமானால் வாருங்கள் என்று சேஸ் சொல்லாமல் சொன்னார்.

ஆறே மாதத்தில் வந்த யெர்கர்

அந்த வாசல் வழியாக வந்தவரும் மிசிசிப்பிக்காரர்தான். 1869 ஜூனில் ஜாக்சன் நகரில் ராணுவம் நியமித்த மேயர் மேஜர் ஜோசப் கிரேன், வரி பாக்கிக்காக எட்வர்ட் யெர்கர் வீட்டுப் பியானோவை ஜப்தி செய்தார். யெர்கர் அவரைத் தெருவில் வைத்துக் கத்தியால் குத்திக் கொன்றார். ராணுவ ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. சுற்று நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தோற்றது. யெர்கரின் வழக்கறிஞர்கள் 1867 சட்டத்தின் பக்கமே போகாமல், 1789 சட்டத்தின் வழியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள்.

கிராண்டின் தலைமை வழக்கறிஞர் எபனேசர் ஹோர், காங்கிரஸ் வாசலை மூடிவிட்டது என்று வாதிட்டார். அக்டோபரில் சேஸ் மறுத்தார். 1868 சட்டம் நீக்கிய பகுதி எது என்று அதன் வார்த்தைகளிலேயே இருக்கிறது, அதற்கு மேல் ஊகித்து நீக்க முடியாது. எங்களுக்கு அதிகாரம் உண்டு. இதைப் படித்துவிட்டு மெக்கார்டில் தீர்ப்பின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பார்த்தால், அது ஒப்புக்குச் சேர்த்த பத்தி இல்லை என்பது தெரியும்.

அதன் பிறகு ராணுவ ஆணையங்கள் செல்லுமா என்ற கேள்வியைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லியிருக்க வேண்டும். இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டு யெர்கரை மாநில அதிகாரிகளிடம் ஒப்படைக்க ஒத்துக்கொண்டதால் அந்தக் கட்டம் வரவில்லை. அவர் கடைசிவரை கொலைக்குத் தண்டனை அனுபவிக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத்தை இன்னும் குறைக்கும் மசோதாக்கள் செனட்டில் பேசப்பட்டன, எதுவும் நிறைவேறவில்லை. 1870 பிப்ரவரியில் மிசிசிப்பி மீண்டும் காங்கிரஸில் இடம் பெற்றது.

மெக்கார்டிலையும் ராணுவம் விசாரிக்காமல் விட்டுவிட்டது. 1891இல் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ராபர்ட் லௌரியோடு சேர்ந்து அவர் மிசிசிப்பியின் வரலாறு ஒன்றை எழுதி வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த மாநிலம் வாக்கு வரியையும் எழுத்தறிவுச் சோதனையையும் வைத்து, கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து துடைத்தெடுக்கும் புதிய அரசியல் சாசனத்தை இயற்றியிருந்தது.

அப்புறம் ஒரு சுவையான தகவல். தீர்ப்பு வந்த மறுமாதம் சேஸ் நீதிபதி ஹில்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். மெக்கார்டில் வழக்கில் சாரத்துக்குள் போயிருந்தால், ராணுவ ஆணைய விசாரணைக்காக அவரை அடைத்தது சட்டவிரோதம் என்றே நீதிமன்றம் சொல்லியிருக்கும் என்று அதில் குறிப்பிட்டார். காங்கிரஸின் பயம் வீண் பயம் இல்லை.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் போகும்

மெக்கார்டிலைப் பெரிதாகப் படிக்கிறவர்களுக்கு முதல் தடை சேஸே எழுதிய இன்னொரு தீர்ப்பு. 1872இல் வந்த கிளைன் வழக்கு. போரில் பறிமுதலான பருத்திக்கு இழப்பீடு கேட்டவர்களுக்கு, அதிபரின் மன்னிப்பு அமெரிக்க அரசுக்கு விசுவாசமாக இருந்ததற்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. காங்கிரஸ் அதைத் திருப்பிப் போட்டது. மன்னிப்பை ஏற்றுக்கொண்டதையே விசுவாசமின்மைக்குச் சான்றாக வை, வைத்துவிட்டு எங்களுக்கு அதிகாரமில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய் என்றது சட்டம். பெயருக்கு இதுவும் வரம்பைக் குறைக்கும் சட்டம்தான். சேஸ் இதைச் செல்லாது என்றார். ஒரு வகை வழக்கை மேல்முறையீட்டிலிருந்து விலக்கலாம், ஆனால் வரம்பு என்ற முகமூடி போட்டுக்கொண்டு யார் ஜெயிக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கட்டளையிட முடியாது.

கோடு எங்கே ஓடுகிறது என்பது இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும், முழுக்கத் தெரியாது. மெக்கார்டில் விஷயத்திலும் காங்கிரஸ் மனதில் ஒரு குறிப்பிட்ட வழக்கின் முடிவு இருந்தது. வித்தியாசம், சட்டத்தின் வார்த்தையில் அது இல்லை என்பதுதான். உள்நோக்கத்தைப் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்ட நீதிமன்றத்துக்கு வார்த்தையைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

பறித்த மேல்முறையீட்டைக் காங்கிரஸ் 1885இல் திருப்பிக் கொடுத்தது. 1962இல் நீதிபதி வில்லியம் டக்ளஸ், இன்று மெக்கார்டில் தீர்ப்புக்குப் பெரும்பான்மை கிடைக்குமா என்பதே சந்தேகம் என்று எழுதினார். ஆனால் நீதிமன்றம் அதைக் கைவிடவும் இல்லை. 1996இல், தண்டனைக் கைதிகள் இரண்டாவது முறை ஆட்கொணர்வு மனு போடுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய சட்டம் ஃபெல்க்கர் வழக்கில் நிலைத்தது. நேராக உச்ச நீதிமன்றத்தில் மனு போடும் வழியைச் சட்டம் மூடவில்லை என்பதே முக்கியக் காரணம், அதாவது யெர்கரின் வாசல். குவாண்டனாமோ ராணுவச் சிறையில் அமெரிக்கா அடைத்து வைத்த கைதிகள் விஷயத்தில் காங்கிரஸ் அந்த வாசலையும் சேர்த்து மூடப் பார்த்தது. 2006இல் ஹம்தான் வழக்கில், அந்தச் சட்டம் நிலுவையில் உள்ள வழக்குகளுக்குப் பொருந்தாது என்று வார்த்தைகளைச் சுருக்கிப் படித்து நீதிமன்றம் தப்பியது. காங்கிரஸ் பொருந்தும் என்று தெளிவாக எழுதிய பிறகு, 2008இல் பூமெடியன் வழக்கில், சரியான மாற்று வழி எதையும் கொடுக்காமல் ஆட்கொணர்வு உரிமையை எடுத்துவிட முடியாது என்று அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

2018இல் மிச்சிகனில் ஒரு பழங்குடியினரின் சூதாட்ட விடுதி நிலம் பற்றிய பாட்சக் வழக்கிலும் மெக்கார்டில் வந்து நின்றது. அந்த நிலத்தைப் பற்றிய வழக்குகளையெல்லாம் உடனே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று காங்கிரஸ் சட்டம் போட்டிருந்தது. நான்கு நீதிபதிகள் மெக்கார்டிலைக் காட்டி அது செல்லும் என்றார்கள், வேறொரு காரணத்துக்காக இன்னும் இருவர் அதே முடிவுக்கு வந்தார்கள். மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், மெக்கார்டிலுக்கு வேறு வழி திறந்திருந்தது என்பதை மறந்துவிட்டு அந்தத் தீர்ப்பை இவ்வளவு தூரம் நீட்டக் கூடாது என்றார். அவரோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர்.